கண்மாய்க் கரையில் நின்ற சலூன் வண்டி

போன மாதம் பழங்காநத்தம் பட்டறையிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய வண்ணத்தாள் ஒன்று கையில் இருந்தது. ஐரோப்பாவில் மோட்டார் வண்டி செய்யும் பழைய கம்பெனி ஒன்று, தன் முதல் வண்டியிலிருந்து இன்றைய வண்டி வரை எல்லா மாடலையும் வரிசையாகப் படம் போட்டு அச்சடித்த தாள் அது. என் கை பழகியதே அந்தக் கம்பெனி வண்டிகளில்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. கம்பெனி மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஆனாலும் சாவு சம்பந்தப்பட்ட பேச்சில் அதன் பெயர் எதற்கு?

"ஐயா, இதுல எதெல்லாம் நீங்க வேலை பாத்தது?" என்று கேட்டார்கள்.

கீழ் வரிசையில் இருந்த இந்தக் காலத்து வண்டிகள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தன. மேல் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். பெரிய கறுப்பு சலூனில் வந்து விரல் நின்றுவிட்டது.

"என்னங்கய்யா, வெரலு நின்னுருச்சு?" என்றார் ஒருவர்.

வயசாகிவிட்டது என்று சொன்னேன். காரணம் வயசு இல்லை. அப்புறம் காப்பி வந்தது, குடித்துக்கொண்டே அவர்களிடம் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மதுரை மேல வெளி வீதியில் இருந்த ஏஜென்சி பட்டறையில். முதல் சில வருஷம் கிரீஸ் துடைத்தேன், டயர் கழற்றினேன், திட்டு வாங்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அப்போது ஓடியவை திறந்த வண்டிகள். பித்தளை ரேடியேட்டர், மர ஆரம் வைத்த சக்கரம், முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினால்தான் உயிர் வரும். அடுத்து வந்ததுதான் பெரிய சலூன். மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்தி, மூடிய கூரை, தோல் சீட்டு. தரை முழுக்கப் பலகை. முப்பதுகளின் நடுவில் சின்ன மாடல் வந்தது. அதில் மரமே கிடையாது, தரையும் கூரையும் ஒரே இரும்பாக அழுத்தி எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு மாடலிலும் என்னென்னவோ மாறும். ரேடியேட்டரின் கூர்மூக்கு மட்டும் அப்படியே இருக்கும். தெருமுனையில் திரும்பும்போதே நம்ம வண்டி என்று தெரிந்துவிடும்.

பட்டறையில் எல்லாம் ஆரோக்கியம் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். திண்டுக்கல்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் கழுத்துவரை பட்டன் போட்ட காக்கிச் சட்டை. வண்டி வந்தால் முதலாளியிடம் விசாரிக்க மாட்டார். டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஓடும்போதா நிற்கும்போதா, சூட்டிலா ஆறினதுக்கு அப்புறமா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று ஒன்றொன்றாகக் கேட்பார். பதில் முடியும்வரை பானெட்டைத் தொட மாட்டார். தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேலை முடிந்தாலும் "சரியாயிருச்சு" என்று சொல்ல மாட்டார். "நான் பாத்தவரைக்கும் சரியா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கூப்பனுக்குப் போய்விட்டது. பஸ்ஸும் காரும் கரிவாயுவில் ஓட ஆரம்பித்தன. வண்டியின் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. அதில் கருவேலங்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, கைப்பிடி வைத்த காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி கனன்றதும் அதிலிருந்து வரும் வாயு, தரைக்கு அடியில் ஓடும் குழாய் வழியாக முன்னால் இருக்கும் இஞ்சினுக்குப் போகும். பெட்ரோலில் பாதி வேகம்கூட வராது. யானைமலைப் பக்கம் சின்ன ஏற்றம் வந்தாலும் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். அந்தத் தொட்டிகளை ஊருக்கு ஊர் யார் யாரோ செய்து மாட்டினார்கள். மாட்டினவனுக்கே அதன் குணம் முழுசாகத் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலையில் காதர் பாய் வண்டியில்லாமல் பட்டறைக்கு நடந்து வந்தார். செக்கானூரணி தாண்டி ஒரு கிராமத்தில் பஞ்சு அரவை ஆலை வைத்திருந்த முதலாளியின் டிரைவர் அவர். அந்த முதலாளி எங்களுக்கு நன்றாகப் பழக்கம். திறந்த வண்டியும் நம்ம கம்பெனிதான் வாங்கினார், அப்புறம் பெரிய சலூனும் வாங்கினார். சின்ன மாடலுக்கும் சொல்லி வைத்திருந்தார். கப்பல் நின்றுபோனதால் அது வரவில்லை. பட்டறைக்கு வரும்போதெல்லாம் என்னிடம், "சோலை, புது மாடல் வந்திருச்சாப்பா?" என்று கேட்பார். முந்தைய வருஷம் மதுரையிலிருந்து ஊர் திரும்பும் வழியில், ஒரு கண்மாய்க் கரை அருகே, சலூனின் பின் சீட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோனார். அவர் இடது பக்கம். பக்கத்தில் வலது பக்கம் அவர் மனைவி விசாலாட்சி அம்மாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மேஸ்திரி. அம்மாவுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார் காதர் பாய். "உச்சி வேளையில அந்தக் கண்மாய்க் கரைக்கு வண்டிய விடச் சொல்றாங்க. அய்யா மௌத்தான எடம். அங்க நிப்பாட்டி, கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, என்னையத் தூரமாப் போயி நிக்கச் சொல்லிருவாங்க. உள்ளுக்க பேச்சுச் சத்தம் கேக்கும். சிரிப்பாங்க. அய்யா வந்து பக்கத்துல உக்காருறாரு காதருங்கிறாங்க."

மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வெளிய வரும்போது மொகத்தப் பாக்கணுமே! கல்யாணப்பொண்ணு மாதிரி செவந்துபோயிருக்கும். வீட்டுக்குப் போனா தலையப் புடிச்சுக்கிட்டு வாந்தி. கோடாங்கியக் கூட்டியாந்தாக. அவன் வண்டிக்குள்ள ஏறி உக்காந்தான். கொஞ்ச நேரத்துல அலறிக்கிட்டு எறங்கி ஓடினவன், உடுக்கைய எடுக்கக்கூட வரல. ஆவி கூப்புடுது, இந்தம்மாவக் கூட்டிக்கிட்டுத்தான் போகும்னு சொல்லிட்டான். மக அழுகுது மேஸ்திரி. வண்டிய ஓடாமப் பண்ணிருங்கன்னு உங்ககிட்டக் கேக்கச் சொல்லுச்சு."

"ஓடாமப் பண்ற வேலை எனக்குத் தெரியாது" என்றார் மேஸ்திரி. பிறகு வழக்கம்போலக் கேள்விகளை ஆரம்பித்தார். "வண்டி போய்க்கிட்டு இருக்கும்போது அய்யா வாராரா?"

"இல்ல. நின்னாத்தான்."

"வீட்டுல நிக்கும்போது?"

"வீட்டுல அம்மா உள்ள உக்கார மாட்டாங்களே."

"கண்ணாடி எறக்கியிருந்தா?"

காதர் பாய் யோசித்தார். "ஒரு தடவ ஒரு பக்கம் ஏறல. அன்னிக்கு வரலைன்னு சொன்னாங்க."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "மேலூர்ல அந்த லாரி டிரைவரு செத்தது நெனப்பிருக்கா சோலை? கரிவண்டிக்குள்ள மழைக்குக் கதவச் சாத்திட்டுப் படுத்தவன். செத்தவன் மொகம் அப்படிச் செவந்து நான் பாத்ததே இல்ல" என்றார்.

அன்றே பஸ் ஏறிப் போனோம். விசாலாட்சி அம்மாள் எங்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மரியாதையாக உட்காரச் சொன்னார். வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு, கண்ணில் ஒரு தெளிவு. பித்துப் பிடித்தவர் என்று சொல்ல முடியாது. வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். "மத்தியானம் வாங்க, கூடவே போகலாம். கரையில நின்னதும் எல்லாரும் எறங்கிறணும்" என்றார் அந்த அம்மாள். வண்டிச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

அந்தப் பக்கத்து உச்சி வெயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாகமலை ஒரு நீளமான கறுப்புக் கோடாகப் படுத்திருந்தது. கண்மாய் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆடுமாடு இல்லை, காக்கைகூட இல்லை. அடியில் விழுகிற நிழலைத் தவிர எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை. கரையில் வண்டியை நிறுத்தியதும் அம்மாள் நாலு கண்ணாடியையும் தன் கையாலேயே சுற்றி ஏற்றிக்கொண்டார். நாங்கள் தள்ளிப்போய் ஒரு புளியமரத்தடியில் நின்றோம்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியின் பின்னால் மாட்டியிருந்த தொட்டிக்குள் கரி மட்டும் முணுமுணுவென்று கனன்றுகொண்டிருந்தது. பிறகு அவர் குரல் கேட்டது. வீட்டுக் கணக்கு, மகள் மாசமாக இருப்பது, தோட்டத்துக் கிணறு... சாப்பாடு போட்டுக்கொண்டே புருஷனிடம் பேசுவது போல இருந்தது. நடுவில் நிறுத்துவார். பதில் கேட்பவர் எவ்வளவு நேரம் நிறுத்துவாரோ அவ்வளவு நேரம். பிறகு "ஆமா, நானும் அதத்தான் சொன்னேன்" என்று தொடர்வார்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி பொறுக்க மாட்டாமல் போய்க் கதவைத் திறந்தார். அம்மாளின் முகம் காதர் பாய் சொன்ன மாதிரியே செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. இறங்கும்போது தள்ளாடினார். கோபப்படவில்லை. மரத்தடியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்க விட்டோம்.

"அம்மா, உள்ள ஒரு ஆள உக்கார வச்சுப் பாக்கணும். அனுமதி வேணும்" என்றார் மேஸ்திரி.

"உக்காரட்டும். அவரு யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டாரு."

மேஸ்திரி தானே உட்காரத்தான் போனார். "என்னமும் ஆச்சுன்னா தூக்கி வெளிய போட உங்களுக்குத்தான் தெரியும். நான் உக்காருறேன்" என்று நான் ஏறிக்கொண்டேன். துணிச்சல் இல்லை, கதவுக்கு வெளியே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஒரு ஏற்பாடு சொன்னார். வலது பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கை கண்ணாடியில் இருக்கும்வரை அவர் திறக்க மாட்டார். வழுகினால் திறந்துவிடுவார்.

உட்கார்ந்தேன். தோல் சீட்டு கொதித்தது. கரி வாசம் லேசாக, நாங்கள் தினம் மூக்கில் இழுக்கிற வாசம்தான். முதலில் காது அடைத்தது. பிறகு நெற்றியைச் சுற்றி யாரோ துண்டை இறுக்கிக் கட்டுவது போல. ரொம்ப தூரத்தில் மணிச் சத்தம். கண்மாய் தெரிந்தது, அதில் தண்ணீர் நிறைந்திருந்தது, அது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. அப்போது சீட்டு அழுந்தியது. இடது பக்கம் ஒருவர் உட்கார்ந்தால் எப்படி நம் பக்கம் லேசாக எழும்புமோ, அப்படி.

திரும்பிப் பார்த்தேன். ஆலை முதலாளி. வெள்ளைச் சட்டை, மேல் இரண்டு பட்டன் திறந்திருந்தது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே, "சோலை, புது மாடல் வந்திருச்சாப்பா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க முதலாளி" என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைவு. பயமே இல்லை. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசையை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, முகத்தில் சூடான மண். மேஸ்திரி என்னை இழுத்துக் கரையில் போட்டிருந்தார். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன்.

நான் தெளிந்த பிறகு மேஸ்திரி வேலையை ஆரம்பித்தார். தொட்டிக்குள் ஈர வைக்கோலைத் திணித்து மூடினார். பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியில் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில், வலது பக்கம் உட்காருகிறவரின் காலடியில், பலகை இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. மெல்ல நிமிர்ந்து, சீட்டு இருந்த இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. காதர் பாய் வாய்க்குள் ஓதத் தொடங்கினார்.

"இஞ்சின் ஓடும்போது வாயுவ அது இழுத்துக்கிரும்மா" என்றார் மேஸ்திரி. "நிப்பாட்டுனா இழுக்க ஆளு இல்ல. உள்ள கரி கனிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். எங்க இடுக்கு இருக்கோ அங்க வெளிய வரும். இது பழைய மாடலு, பலகைத் தரை, காஞ்சு வெலகிருச்சு. அதுக்கு நேரா கீழ குழாய் மூட்டுல கல்நார்க் கயிறு கருகிப்போயிருக்கு. அந்தக் காத்து வெசம். மொதல்ல மயக்கும், பேச்சுக் காட்டும், ஆளக் காட்டும். அப்புறம் கொன்னுரும்."

அந்த அம்மாள் புகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப அவரு வரலையா?"

"எனக்குத் தெரிஞ்சது காத்து மட்டுந்தாம்மா."

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாப்பா?"

மேஸ்திரி என்னை முறைத்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாத்தேம்மா" என்றேன்.

"எப்படி இருந்தாரு?"

"வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு. மேல ரெண்டு பட்டன் அவுந்திருந்துச்சு."

அம்மாள் காதர் பாயைப் பார்த்தார். காதர் பாய் தான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினார். "அன்னிக்கு மூச்சு முட்டுதுன்னாரு. ரெண்டு பட்டன நான்தான் அவுத்துவிட்டேன்" என்றார் அம்மாள். "வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி நானே போட்டும் விட்டேன். வேற யாருக்கும் தெரியாது."

ஆலை முதலாளி பட்டன் திறந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மேஸ்திரிக்கு மட்டும் கோபம் வந்தது. "வெயில்ல சட்டைய அவுத்துவிடாதவன் யாரு?" என்று எரிந்து விழுந்தார்.

"சரி பண்ண வேணாம் மேஸ்திரி. இப்படியே இருக்கட்டும்" என்றார் அம்மாள்.

"ஒரு நாளு கதவத் தொறக்க மாட்டீங்க."

"காதரு தொறப்பாரு."

"தொறக்கும்போது நீங்க இருக்க மாட்டீங்க."

"இருந்து என்ன பண்ணப் போறேன்?"

மேஸ்திரி சாவியைப் பிடுங்கவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. காதர் பாய்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "அம்மா, பாப்பா நேத்து எங்கிட்டக் கேட்டுச்சு. அம்மாவ நிப்பாட்ட முடியாட்டி நானும் கூட வாரேன் பாய், நானும் அப்பாவப் பாக்கணும்னு."

"மாசமா இருக்கிற பிள்ளையா?" என்றார் மேஸ்திரி. "அம்மா, அவுகளையும் உள்ள உக்கார வச்சுக் கண்ணாடிய ஏத்துவீங்களா?"

அம்மாள் முகத்தில் அந்தச் சிவப்பு வடிந்து, அவருடைய நிஜ நிறம் திரும்பியிருந்தது. அப்போதுதான் அவருக்கு எவ்வளவு வயசாகிவிட்டது என்று தெரிந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு தடவ உக்காந்து சொல்லிட்டு வந்துர்றேன். சொல்லாமப் போகக் கூடாது" என்றார்.

மேஸ்திரி மறுப்பார் என்று நினைத்தேன். சீட்டை அவரே எடுத்துப் பொருத்தினார். தொட்டியைத் திறந்து வைக்கோலை எடுத்துப் போட்டார். கண்ணாடியில் கை வைக்கும் ஏற்பாட்டை அம்மாளுக்கும் சொன்னார். கதவின் பிடியில் தன் கையை வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றார். உள்ளே ஏறி உட்கார்ந்த அம்மாளின் உள்ளங்கை கண்ணாடியில் வெளிறித் தெரிந்தது. என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கை வழுகவே இல்லை. அவராகவே கதவைத் தட்டினார், இறங்கினார், சாவியை மேஸ்திரியிடம் கொடுத்தார். வீட்டுக்கு மாட்டுவண்டியில்தான் போனார்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பலகைத் தரையைப் பெயர்த்து எறிந்தோம். அதற்குப் பதிலாக, சின்ன மாடலில் இருப்பது போல ஒரே தகடாக இரும்புத் தரை அடித்தோம். குழாயை வண்டிக்கு அடியிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாற்றினோம். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, விசிறியைச் சுற்றி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்தோம். மேஸ்திரிக்கு அது போதவில்லை. எங்கே கெட்டதோ அங்கேதான் சரியா என்று பார்க்க வேண்டும் என்றார்.

அதே கரை, அதே உச்சி வெயில். இஞ்சினை நிறுத்தினேன். மேஸ்திரி பின்னால் வலது பக்கம் ஏறி, கண்ணாடியை ஏற்றி, கையை ஒட்டி வைத்தார். நானும் காதர் பாயும் வெளியே. நான் உட்கார்ந்திருந்ததைவிட அதிக நேரம் அவர் உட்கார்ந்திருந்தார். கை அசையவில்லை. ஒருதரம் மட்டும் அவர் தலை இடது பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். திரும்பியபடியே இருந்தது.

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். முகம் சிவக்கவில்லை, சாம்பல் பூத்திருந்தது. "காத்து இல்ல. சுத்தமா இருக்கு" என்றார். வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனார். பின் கதவைத் திறந்தார். ஒரு பெரியவர் நிதானமாக இறங்குவதற்குப் பிடித்துக்கொள்வது போல, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் சத்தமில்லாமல் சாத்தினார். "எடு, போவோம்" என்றார். நான் வண்டியை எடுத்தேன். என்ன பார்த்தார் என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

வண்டியை வீட்டில் ஒப்படைத்தபோது அம்மாள் வாசலில் நின்றிருந்தார். பின்னால் அவர் மகள். வேலையைப் பற்றி அம்மாள் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"நீங்க உள்ள உக்காந்து பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

அம்மாள் கேட்காத கேள்விக்குத்தான் மேஸ்திரி பதில் சொன்னார். தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனுஷர், தலையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எறங்கிட்டாரும்மா."

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் அந்த சலூன் பிரேக் வேலைக்காகப் பட்டறைக்கு வந்தது. பின் சீட்டில் விசாலாட்சி அம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தது. அவர் உட்கார்ந்திருந்தது இடது பக்கம்.